நாலு சில்லும் நாலு தராசும்



ஜனவரி 31 ஆம் திகதி வரி விபரம் அனுப்பும் கடைசி நாள். அது கழிந்தால்தான் உங்கள் தொலைபேசி அழைப்புகள் குறையும், நானும் மூச்சு விடுவேன். வழமையாக இந்தப் பக்கத்தில் கடைக்காரர் எந்தப் பற்றுச்சீட்டை எத்தனை வருடம் வைத்திருக்க வேண்டும், வாடகை வருமானத்தை எப்படிக் காட்ட வேண்டும் என்றுதான் எழுதி வருகிறேன். இம்முறை விடயம் வேறு. சென்ற மாதம் எமது வானொலியின் மாலைப் பேச்சில், றேடியோவால் இயக்கும் ஓட்டப்பந்தயக் காரின் எடையைச் சமப்படுத்துவது பற்றிப் பத்து நிமிடம் கதைத்தேன். அதன் பிறகு சில பெற்றார் தொலைபேசி எடுத்து, "அந்த எண்களைத் திரும்பச் சொல்லுங்கோ, எழுத முதல் போய்விட்டது" என்றார்கள். எண்களை வானொலியில் சொன்னால் காற்றோடு போய்விடும் என்பது எனக்கு முதலே தெரிந்திருக்க வேண்டும். ஆகவே அதை இங்கே எழுதுகிறேன்.

கணக்காளருக்கும் விளையாட்டுக் காருக்கும் என்ன தொடர்பு என்று கேட்பீர்கள். தொடர்பு என் மகள். அவளுக்கு இப்போது 15 வயது. 2023 ஆம் ஆண்டு ஒக்ரோபர் மாதம், பாடசாலைத் தோழியின் தமையனோடு ஒரு விளையாட்டு மண்டபத்துக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்து, தனக்கும் அப்படி ஒரு கார் வேண்டும் என்றாள். "பெண்பிள்ளைக்குக் கார் என்னத்துக்கு" என்று சொந்தக்காரர் ஒருவர் கேட்டார். நான் பதில் சொல்லவில்லை. ஆனால் வாங்கிக் கொடுத்தேன்.

இது கடையில் விற்கும் சின்னப்பிள்ளை விளையாட்டுப் பொருள் அல்ல. உண்மையான காரின் பத்தில் ஒரு பங்கு அளவு. அகலம் 19 சென்ரிமீற்றர். முன் சில்லுக்கும் பின் சில்லுக்கும் இடைத்தூரம் ஏறக்குறைய 257 மில்லிமீற்றர். நான்கு சில்லும் மோட்டாரால் சுழலும். ஒவ்வொரு சில்லுக்கும் தனித்தனி ஸ்பிறிங், எண்ணெய் நிரப்பிய ஷொக் அப்சோபர் எல்லாம் உண்டு. துண்டு துண்டாகப் பெட்டியில் வரும், நாங்கள்தான் பூட்ட வேண்டும். ஜப்பானின் தமியா நிறுவனம் தனது முதலாவது றேடியோக் காரை, போர்ஷே 934 என்ற மாதிரியை, 1976 இல் வெளியிட்டது. இப்போது நான் சொல்லும் 'ரூறிங் கார்' என்ற வகை 1990களின் தொடக்கத்தில் பரவியது. கோடையில் தார்த் தரையிலும், குளிர்காலத்தில் மண்டபத்துக்குள் கம்பளம் விரித்த தரையிலும் ஓடுவார்கள். இங்கிலாந்தின் மழைக்கு இந்தக் கம்பள ஓட்டம்தான் வசதி.

பூட்டியது நான். யாழ்ப்பாணத்தில் வணிகமாணிப் பட்டம் படித்தவனுக்கு ஸ்குறூ டிறைவர் பிடிக்கத் தெரியாது என்று மனைவி சொன்னதைப் பொய்யாக்க, இரண்டு சனிக்கிழமை இரவு முழுக்க இருந்து பூட்டினேன். நல்லாகத்தான் ஓடியது. நவம்பரில் ஒரு நாள் கார் பலகையில் மோதிப் பின் வலப்பக்க ஷொக் உடைந்தது. புதிது வாங்கி நானே மாற்றினேன். அதற்குப் பிறகு தொடங்கியது பிரச்சினை.

இடப்பக்கம் திரும்பும் போதெல்லாம் கார் பம்பரம் மாதிரிச் சுழன்று நின்றது. வலப்பக்கம் திரும்பினால் திரும்ப மனமில்லாதது போல் அகலமாகப் போய்ப் பலகையில் உரசியது. நான் கரையில் நின்று, "பிள்ளை, இடப்பக்கம் திரும்பேக்கை அவசரப்படாதை, மெதுவாத் திருப்பு" என்று ஒவ்வொரு கிழமையும் சொன்னேன். அவள், "அப்பா, அது நான் இல்லை, கார்" என்றாள். "கார் என்ன செய்யும், அது நீ சொல்லுறதைத்தானே செய்யும்" என்றேன். "நீங்கள் ஒருக்கா ஓட்டிப் பாருங்கோ" என்றாள். நான் ஓட்டினால் எந்தப் பக்கமும் சுழலும், ஆகவே அதில் ஒன்றும் விளங்கவில்லை. ரயர் மாற்றினோம், 30 பவுண் போனது. பற்றரி புதிது, இன்னும் 40 பவுண். ஜனவரி முதற் கிழமை அவள் காரைப் பெட்டிக்குள் வைத்துக் கட்டிலுக்குக் கீழே தள்ளிவிட்டாள். ஞாயிற்றுக்கிழமைகளில் எழும்பவும் இல்லை. நானும் வரி வேலையில் இருந்ததால் ஏன் என்று கேட்கவில்லை.

பெப்ரவரியில் நான் மட்டும் அந்தக் காரை எடுத்துக்கொண்டு மண்டபத்துக்குப் போனேன். விற்றுவிடலாம் என்ற எண்ணம். அங்கே பேருந்து திருத்தும் வேலையில் இருந்து ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர் வருவார். காரை விற்கப் போவதாகச் சொன்னதும் மேசையில் வைத்தார். முன்பக்க அடித்தட்டின் சரி நடுவில் ஒரு ஸ்குறூ டிறைவரின் நுனியைக் கொடுத்து மெல்ல உயர்த்தினார். முன் வலச்சில்லு எழும்பியது, முன் இடச்சில்லு இன்னும் மேசையிலேயே இருந்தது. பிறகு பின்பக்கத்தின் நடுவில் அதே மாதிரி உயர்த்தினார். பின் இடச்சில்லு முதலில் எழும்பியது. "யார் பூட்டியது?" என்று மட்டும் கேட்டார்.

இனி விடயத்துக்கு வருகிறேன்.

வீட்டில் நாலு கால் மேசை ஒன்று ஆடினால் என்ன செய்வோம்? ஒரு காலுக்குக் கீழே மட்டையை மடித்து வைப்போம். மூன்று கால் முக்காலி ஒருபோதும் ஆடாது, ஏனென்றால் மூன்று காலும் எப்படியாவது தரையைத் தொடும். நாலாவது கால் வந்ததும்தான் வில்லங்கம். ஆடும் மேசையில் பாரம் முழுவதும் மூலைக்கு மூலையாக இரண்டு கால்களில் நிற்கும், மற்ற மூலைக்கால் இரண்டும் சும்மா தொட்டுக்கொண்டு இருக்கும். காரும் நாலு கால் மேசைதான். காலுக்குப் பதில் ஸ்பிறிங் இருப்பதால் ஆடுவது கண்ணுக்குத் தெரியாது, அவ்வளவுதான்.

காரின் எடை நாலு சில்லுக்கும் எப்படிப் பிரிகிறது என்பதில் மூன்று கேள்விகள் இருக்கின்றன. முன்னுக்கு எவ்வளவு, பின்னுக்கு எவ்வளவு? இடப்பக்கம் எவ்வளவு, வலப்பக்கம் எவ்வளவு? மூலைவிட்டமாக, அதாவது முன் இடது பின் வலது சோடிக்கு எவ்வளவு, மற்றச் சோடிக்கு எவ்வளவு? முதல் இரண்டையும் தீர்மானிப்பது பொருட்கள் இருக்கும் இடம் மட்டுமே. பற்றரி எங்கே, மோட்டார் எங்கே என்பதுதான். ஸ்பிறிங்கை எப்படி முறுக்கினாலும் அவை மாறா. மூன்றாவதைத் தீர்மானிப்பது ஸ்பிறிங்குகளின் இறுக்கமும், அடித்தட்டு முறுகாமல் இருப்பதும். இதை மனதில் வைத்தால் பாதி வேலை முடிந்தது. இந்த வேறுபாட்டைத் தெரியாமல் ஈயத்தை ஒட்டி மூலைவிட்டத்தைத் திருத்தப் பார்ப்பவர்களையும், ஸ்பிறிங்கைத் திருகி இடம் வலத்தைத் திருத்தப் பார்ப்பவர்களையும் நான் அந்த மண்டபத்திலேயே கண்டிருக்கிறேன்.

அன்று பின்னேரம் எங்கள் வீட்டுக் குசினித் தராசோடு அதே போன்ற மலிவான இலத்திரனியல் தராசு மூன்றையும் வாங்கிச் சேர்த்தேன். முறுக்கு மா நிறுக்கும் தராசில் காரை ஏற்றியதற்கு வீட்டில் கிடைத்த பேச்சை இங்கே எழுதவில்லை. முதலில் ஒரே சீனிப் பையை நாலிலும் வைத்து, நாலும் ஒரே எண்ணைக் காட்டுகின்றனவா என்று பார்த்தேன். ஒன்று 3 கிராம் கூடக் காட்டியது, அதைக் குறித்துக்கொண்டேன். தராசுகளின் மேற்பரப்பு ஒரே மட்டத்தில் இருக்க வேண்டும். ஒன்று ஒரு மில்லிமீற்றர் உயர்ந்து நின்றாலும் அது மேசைக்காலுக்கு மட்டை வைத்ததற்குச் சமம், மூலைவிட்டக் கணக்கு முழுவதும் பொய்யாகிவிடும். மட்டக்கோல் இல்லாதவர்கள் தடித்த கண்ணாடித் துண்டு ஒன்றில் தராசுகளை அடுக்கலாம். காரை ஓடும் நிலையிலேயே நிறுக்க வேண்டும். பற்றரியும் வேண்டும், மேல்கூடும் வேண்டும். சில்லுகள் நேராக இருக்க வேண்டும். உருளுதண்டு என்னும் குறுக்குக் கம்பி, முன்னும் பின்னும் இருந்தால், அதைக் கழற்றிவிட வேண்டும். அது இடம் வலத்தை இணைத்து நிற்பதால் ஸ்பிறிங்கின் பிழையை மறைக்கும், சில வேளை தானே பிழையை உண்டாக்கும். பிறகு காரை நாலைந்து தரம் மெல்ல அமத்தி விட்டுத் தானாக நிற்க விட வேண்டும்.

வந்த எண்கள் இவை. முன் இடது 363 கிராம், முன் வலது 307. பின் இடது 322, பின் வலது 388. மொத்தம் 1380.

பழக்க தோஷத்தில் கூட்டிப் பார்த்தேன். இடப்பக்கம் 363 உம் 322 உம் சேர்ந்து 685. வலப்பக்கம் 695. வித்தியாசம் வெறும் 10 கிராம். முன்பக்கம் 670, பின்பக்கம் 710. அதுவும் இந்த வகைக் காருக்குக் குறை சொல்ல முடியாத பங்கீடு. கூட்டுத்தொகை எல்லாம் பொருந்துகிறது. ஆனால் மூலைவிட்டமாகக் கூட்டினால் முன் இடதும் பின் வலதும் 751, மற்றச் சோடி 629. வித்தியாசம் 122 கிராம்! நூற்றுக்கு 54.4 பங்கு ஒரு மூலைவிட்டத்தில்.

சாதாரண தரத்தில் வர்த்தகமும் கணக்கியலும் படித்தவர்களுக்கு இந்த இடத்தில் ஒரு பாடம் ஞாபகம் வரும். பரீட்சை மீதி பொருந்தினால் கணக்கு சரி என்று அர்த்தமில்லை. ஒரு கணக்கில் 500 கூடப் பதிந்து, இன்னொன்றிலும் 500 எதிர்ப்பக்கம் கூடப் பதிந்திருந்தால் இரு பக்கமும் அழகாகச் சமப்படும். ஈடுசெய் வழு என்று வாத்தியார் கரும்பலகையில் எழுதுவார். பரீட்சை மீதியால் வெளிக்காட்டப்படாத வழுக்களில் அதுவும் ஒன்று. அதை எத்தனையோ பேரின் புத்தகங்களில் தேடிப் பிடித்துச் சம்பளம் வாங்கிய நான், என் மகளின் காரில் மூன்று மாதம் காணவில்லை. தேடவே இல்லை என்பதுதான் உண்மை. பிழை ஓட்டுகிறவளிடம் இருக்கிறது என்று முடிவு கட்டியவன் காரை ஏன் பார்க்கப் போகிறான்?

சரி, 122 கிராம் வித்தியாசம் இடப்பக்கம் மட்டும் ஏன் சுழற்ற வேண்டும்? கார் இடப்பக்கம் திரும்பும்போது பாரம் வலப்பக்கச் சில்லுகளுக்குச் சரியும். மினிபஸ்ஸில் வளைவில் நாங்கள் ஒருவர் மேல் ஒருவர் சரிந்தது போல. எங்கள் காரில் முன்பக்கத்தில் இடது கனமாகவும் வலது இலேசாகவும் இருந்தது, ஆகவே சரிந்து வந்த பாரம் முன்னுக்கு இரண்டையும் சமப்படுத்தியது. பின்பக்கத்தில் வலது ஏற்கனவே கனம், அதற்கு மேலும் பாரம் வந்தது. இடது பின் சில்லு தரையைத் தொட்டும் தொடாமலும் ஆனது. ரயரின் பிடிப்புக்கு ஒரு குணம் உண்டு. பாரம் இரட்டித்தால் பிடிப்பும் கூடும், ஆனால் இரட்டிக்காது. எனவே இரண்டு ரயர் பாரத்தைச் சமமாகப் பகிர்ந்தால் கிடைக்கும் மொத்தப் பிடிப்பு, ஒன்றே பெரும் பகுதியைச் சுமந்தால் கிடைப்பதை விடக் கூட. இடப்பக்க வளைவில் முன்பக்கம் நல்லாகப் பிடித்தது, பின்பக்கம் கைவிட்டது. கார் சுழன்றது. வலப்பக்க வளைவில் எல்லாம் தலைகீழ். பின்பக்கம் சமமாகிப் பிடித்தது, முன்பக்கத்தில் கனமான இடச்சில்லின் மேல் மேலும் பாரம் ஏறி முன்பக்கம் வழுக்கியது. கார் திரும்ப மறுத்தது. ஒரு பக்கம் சுழற்சி, மறுபக்கம் பிடிவாதம் என்ற இந்தச் சோடி நோயைக் கண்டால் முதலில் மூலைவிட்டத்தைப் பாருங்கள். ஓட்டுகிறவரின் பிழை என்றால் பொதுவாக இரண்டு பக்கமும் ஒரே மாதிரித்தான் வரும்.

காரணத்தைத் தேடும்போது பெரியவர் சொல்லித் தந்த ஒழுங்கில் போனேன். ரயர்கள் நாலும் ஒரே விட்டமா என்று பார்த்தேன், சரி. ஷொக்குகளைக் கழற்றிவிட்டு நாலு கைகளும் தங்கள் எடையிலேயே கீழே விழுகின்றனவா என்று பார்த்தேன். ஒன்று இறுகி நின்றால் தராசு என்ன சொன்னாலும் பிரயோசனம் இல்லை. அதுவும் சரி. மேல்தட்டுத் திருகாணிகளைத் தளர்த்தி, காரைக் கண்ணாடி மேல் வைத்து அமத்திப் பிடித்தபடி ஒன்றுவிட்டு ஒன்றாக இறுக்கினேன். மோதிய பிறகு காரைக் கையில் தூக்கிப் பிடித்து இறுக்கினால் அடித்தட்டு முறுகியபடியே பூட்டப்பட்டுவிடும். இந்த ஒரு வேலையோடேயே பலரின் பிரச்சினை தீர்ந்துவிடும் என்றார் அவர். எங்களுடையது தீரவில்லை. கடைசியில் ஷொக்குகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். எங்கள் தொடக்கநிலைக் காரில் ஸ்பிறிங்கின் இறுக்கத்தைக் கூட்டிக் குறைக்கத் திருகு வளையம் இல்லை. பிளாஸ்ரிக் வில்லைகளைக் கவ்வ வைப்பதுதான் வழி. மூன்று ஷொக்கில் 2 மில்லிமீற்றர் வில்லை இருந்தது. நவம்பரில் நான் மாற்றிய பின் வலதில் 3 மில்லிமீற்றர் வில்லை.

ஒரு மில்லிமீற்றர். ஸ்பிறிங் அந்த மூலையை உயர்த்தியது, அந்த மூலையும் அதற்கு நேர் எதிர் மூலையும் கனத்தன, மற்ற இரண்டும் இலேசாயின.

சரியான வில்லையைப் போட்டதும் எண்கள் இப்படி மாறின. முன் இடது 334, முன் வலது 336, பின் இடது 351, பின் வலது 359. முன்பக்க மொத்தம் அதே 670. இடப்பக்கம் அதே 685. கிராம் பிசகாமல் அதே மொத்தங்கள், ஆனால் மூலைவிட்டம் 693 உம் 687 உம். மேலே நான் சொன்ன விதி உங்களுக்கு நம்பக் கடினமாக இருந்திருந்தால் இந்த எண்களைக் கூட்டிப் பாருங்கள்.

திருகு வளையம் உள்ள கார் வைத்திருப்போர் வில்லை தேட வேண்டியதில்லை. கனமான மூலையின் வளையத்தைத் தளர்த்தி, அதே அச்சின் மறுபக்க வளையத்தை அதே அளவு இறுக்குங்கள். ஒன்றை மட்டும் திருகினால் காரின் உயரமும் மாறிப் போகும். கால்வாசிச் சுற்று திருகி, அமத்தி விட்டு, திரும்ப நிறுத்துப் பாருங்கள். எத்தனை சுற்று என்று ஒரு கொப்பியில் எழுதாமல் இதைச் செய்ய வேண்டாம்.

மீதி 10 கிராமுக்கு வருவோம். இடம் வலத்தைத் திருத்தும்போது ஈயம் ஒட்டுவதற்கு முன்னர், இருக்கும் பொருளை நகர்த்த முடியுமா என்று பார்க்க வேண்டும். ஈயம் சும்மா சுமக்கும் எடை. இந்தக் கார்களில் பெரும்பாலும் பற்றரி ஒரு பக்கம் நீளவாக்கில் கிடக்கும், மோட்டாரும் வேகக் கட்டுப்பாட்டுக் கருவியும் மறுபக்கம். எங்கள் பற்றரி 300 கிராம், இடப்பக்கத்தில். அதன் பள்ளத்தில் 3 மில்லிமீற்றர் இடைவெளி இருந்தது. இடச்சில்லின் நடுவுக்கும் வலச்சில்லின் நடுவுக்கும் தூரம் 164 மில்லிமீற்றர். 300 ஐ 3 ஆல் பெருக்கி 164 ஆல் பிரித்தால் ஐந்தரை. அதாவது பற்றரியை 3 மில்லிமீற்றர் வெளிப்பக்கம் தள்ளினால் வலத்திலிருந்து ஐந்தரைக் கிராம் இடத்துக்கு மாறும். 685 என்பது 690.5 ஆகும், 695 என்பது 689.5 ஆகும். ஒரு துண்டு பஞ்சை உட்பக்கம் செருகினேன், செலவு இல்லை.

சைக்கிள் கரியரில் வெங்காய மூட்டை கட்டியவர்களுக்கு இந்தக் கணக்கைச் சொல்லித் தர வேண்டியதில்லை. மூட்டை இரண்டு விரற்கடை ஒருபக்கம் சரிந்தால் சைக்கிள் என்ன பாடு படுத்தும் என்று கைக்குத் தெரியும். பிள்ளைகளுக்குத்தான் பெருக்கலும் பிரித்தலும் வேண்டியிருக்கிறது. என் மகளுக்கு இதைச் சொன்னபோது, "இது மொமென்ற்ஸ், அப்பா, நாங்கள் பள்ளிக்கூடத்தில் படிச்சனாங்கள்" என்றாள். முதலே சொல்லியிருக்கலாமே என்றால், நீங்கள் கேட்கவில்லையே என்றாள்.

ஈயம் ஒட்டத்தான் வேண்டுமென்றால் ஒன்றைக் கவனியுங்கள். 20 கிராம் குறைகிறது என்று இலேசான பக்கத்தில் 20 கிராம் ஒட்டினால் வித்தியாசம் தீராது. நடுக்கோட்டிலிருந்து 50 மில்லிமீற்றர் தள்ளி ஒட்டிய 20 கிராமில் அந்தப் பக்கச் சில்லுகளுக்குப் போவது ஏறக்குறைய 16, மறுபக்கத்துக்கு 4. வித்தியாசம் 12 கிராமால்தான் குறையும். ஆகவே எவ்வளவு வெளியே ஒட்டலாமோ அவ்வளவு வெளியே, எவ்வளவு கீழே ஒட்டலாமோ அவ்வளவு கீழே, அடித்தட்டோடு தட்டையாக ஒட்டுங்கள். உயரத்தில் இருக்கும் எடை வளைவில் பாரச் சரிவைக் கூட்டும். மேல்கூட்டுக்குக் கண்டபடி வர்ணம் அடிக்காமல் இருப்பதும் இதற்காகத்தான். ரயர் கடையில் சில்லுக்கு ஒட்டும் எடைத்துண்டு கேட்டால் தருவார்கள். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2005 தொடக்கம் கார்களுக்கு ஈய எடைகள் விலக்கப்பட்டதால் இப்போது கிடைப்பது பெரும்பாலும் இரும்பு அல்லது நாகம். ஈயத்தை விடச் சற்றுப் பருமனாக இருக்கும், ஆனால் பிள்ளைகள் உள்ள வீட்டுக்கு அதுவே நல்லது. ஈயத்தைத் தொட்டவர்கள் சோப் போட்டுக் கை கழுவிய பின்தான் சாப்பாட்டைத் தொட வேண்டும்.

பழைய காரை இரண்டாம் கையாக வாங்குவோருக்கும் ஒரு வார்த்தை. 2000களின் நடுப்பகுதி வரை ஓடிய கார்கள் ஆறு கலம் கொண்ட நிக்கல் பற்றரிக்காக வடிவமைக்கப்பட்டவை. அந்தப் பற்றரி 400 கிராமுக்கு மேலே. இன்று போடுவது லிதியம் பொலிமர், 300 கிராம் அளவில். நடுக்கோட்டிலிருந்து 45 மில்லிமீற்றர் தள்ளியிருந்த இடத்தில் 110 கிராம் குறைந்தால் பற்றரிப் பக்கம் 85 கிராமும் மறுபக்கம் 25 கிராமும் இழக்கும். 60 கிராம் சாய்வு! இப்படியான காருக்கு ஈயம் ஒட்டாமல் தீராது. போட்டிகளில் ஆகக் குறைந்த எடை என்று ஒரு விதி இருப்பதால், ஒட்டிய ஈயம் அதற்கும் உதவக்கூடும். உங்கள் கழகத்தின் விதியை வாசித்துப் பாருங்கள். லிதியம் பற்றரியை அதற்குரிய மின்னேற்றியில் மட்டும், ஆள் பக்கத்தில் இருக்கும்போது மட்டும் ஏற்ற வேண்டும் என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை என்று நினைக்கிறேன், இருந்தாலும் சொல்லிவிட்டேன்.

நாலு தராசு வாங்க வசதியில்லையென்றால் ஒன்று போதும். ஒரு தட்டையான பலகைத் துண்டைத் தராசில் வைத்து இடச்சில்லு இரண்டையும் அதில் நிறுத்துங்கள். வலச்சில்லு இரண்டையும் அதே உயரத்துக்குப் புத்தகங்களை அடுக்கி நிறுத்துங்கள். இடப்பக்க மொத்தம் கிடைக்கும். பிறகு வலத்தை அதே மாதிரி. இரண்டையும் கூட்டினால் காரின் முழு எடை வர வேண்டும். வராவிட்டால் எங்கோ பிழை, திரும்பச் செய்யுங்கள். முன், பின்னையும் இப்படியே எடுக்கலாம். மூலைவிட்டத்துக்குப் பெரியவரின் ஸ்குறூ டிறைவர் முறையே போதும், ஆனால் இடம் வலத்தைச் சரிப்படுத்திய பிறகுதான் அது உண்மை சொல்லும். நாலு தராசு உள்ளவர்கள் ஒரு தரம் நிறுத்த பிறகு காரைத் திருப்பி, முன்பக்கம் இருந்த இடத்தில் பின்பக்கத்தை வைத்து இன்னொரு தரம் நிறுத்து, சராசரி எடுத்தால் முன் பின், இடம் வலம் ஆகிய கணக்குகளில் தராசின் பிழை அடிபட்டுப் போகும். நான் இதை எப்போதும் செய்கிறேன். இரண்டாம் ஆள் பார்க்காத கணக்கை நான் ஒப்பமிடுவதில்லை.

கணக்கில் ஒரு பிழையைத் திருத்தினால் பழைய பதிவை அழிக்கக் கூடாது, புதிதாகத் திருத்தற் பதிவு எழுதி, கீழே விபரிப்பும் எழுத வேண்டும். அன்றிரவு ஒரு கொப்பியில் முதல் எட்டு எண்களையும் எழுதினேன். கீழே, "பின் வலது, 3 மி.மீ. வில்லை, நவம்பர் மாதம் அப்பாவால் பிழையாகப் போடப்பட்டது. ஓட்டுநரில் பிழை இல்லை" என்று எழுதி, திகதியிட்டு, காரோடு சேர்த்து அவளுடைய மேசையில் வைத்தேன். காலையில் அவள் அதைப் பற்றி ஒன்றும் கதைக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஏழு மணிக்கு எழும்பிச் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு நின்றாள்.

முதல் ஓட்டத்தில் இரண்டு பக்கமும் கார் ஒரே மாதிரித் திரும்பியது. பத்துப் பேரில் ஏழாவதாக வந்தாள். இரண்டாம் ஓட்டத்தில் ஒன்பதாவது. அதற்குக் காரணம் அவள்தான், தானே சொன்னாள். அந்தக் கொப்பியை இப்போது அவள் எழுதுகிறாள். ஒவ்வொரு ஓட்டத்துக்கும் முன்னர் நாலு எண், திகதி, எந்த மண்டபம். என் கையெழுத்துக்குக் கீழே அவளுடைய தமிழ் எழுத்து இருக்கிறது. 'மூலைவிட்டம்' என்பதற்கு எந்த லகரம், எந்த ளகரம் என்று ஒவ்வொரு முறையும் கேட்கிறாள்.

எமது நிலையத்தில் மாதத்தின் முதற் சனிக்கிழமை பின்னேரம் நான் நேயர்களின் வரிக் கேள்விகளுக்காக இருப்பது உங்களுக்குத் தெரியும். நாலு தராசையும் கண்ணாடித் துண்டையும் கொண்டு வந்து அலுமாரியில் வைத்திருக்கிறேன். பிள்ளைகளின் கார்களைக் கொண்டு வரலாம். பற்றரியையும் மேல்கூட்டையும் மறக்க வேண்டாம்.